ரோட்டிலே பனியைக் கொட்டுகிறார்கள்!

குளிர் நாடுகளில் பனி பெரும் தொல்லை. இரவெல்லாம் கொட்டும். காலையில் கதவைத் திறந்தால் ரோடு தெரியாது. எந்திர வண்டிகள் வந்து பனியை வாரித் தள்ளும். அதன்பிறகுதான் பஸ் ஓடும். பள்ளிக்கூடம் திறக்கும்.

ஆனால் அமெரிக்காவில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு ஒருமுறை, வாரித் தள்ளிய பனியை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். ஊரின் பெரிய ரோட்டில் மறுபடியும் கொட்டுகிறார்கள்! கொட்டிப் பரப்பி, அமுக்கிச் சமன் செய்கிறார்கள். காரும் லாரியும் போகும் ரோட்டில் அன்றைக்குக் குதிரைகள் ஓடுகின்றன.

எதற்காக இந்த வேலை? எல்லாம் திருவிழாவுக்காக!

ஊரின் பெயர் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ். விழாவின் பெயர் குளிர்கால விழா. 1914-ம் ஆண்டில் தொடங்கியது. 2024-ம் ஆண்டில் 111-வது விழா நடந்தது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, தொடர்ந்து நடந்து வரும் குளிர்கால விழாக்களில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள்.

நூறு வயதைத் தாண்டிய இந்த விழாவுக்கு இப்போது இரண்டு கவலைகள். விழாவை நடத்தும் மக்களுக்கு ஊரில் குடியிருக்க வீடு கிடைப்பது அரிதாகி விட்டது. வானம் தரும் பனியையும் முன்போல் நம்ப முடியவில்லை. இந்த இரண்டு கவலைகளும் அந்த ஊரோடு நிற்பவை அல்ல. உலகத்தில் பனியை நம்பிப் பிழைக்கும் ஊர்களுக்கெல்லாம் வந்திருப்பவை. ஆகவே இந்த ஓர் ஊரின் கதையைத் தெரிந்துகொண்டால், பல ஊர்களின் கதை தெரிந்துவிடும்.

ஊர் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கொலராடோ என்று ஒரு மாநிலம் உண்டு. மலைகள் நிறைந்தது. அதன் தலைநகரம் டென்வர். அங்கிருந்து வடமேற்கே சுமார் 250 கிலோமீட்டர் போனால் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் வரும். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 6,700 அடி உயரத்தில் இருக்கிறது. யாம்பா என்ற ஆறு ஊர் வழியாக ஓடுகிறது. 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி மக்கள் தொகை 13 ஆயிரம் சொச்சம். சிறிய ஊர்தான்.

"ஸ்டீம்போட்" என்றால் நீராவிப் படகு. மலை மேலே படகு எப்படி வந்தது? அங்கே ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. அது "குப்... குப்..." என்று ஒலி எழுப்பியதாம். அந்தப் பக்கம் வேட்டைக்கு வந்தவர்கள் அதைக் கேட்டு, நீராவிப் படகு வருகிறது என்று நினைத்தார்களாம். அதனால் வந்த பெயர் என்று ஊரார் சொல்வார்கள்.

ஆதியில் இது மாடு மேய்ப்பவர்களின் ஊர். புல்வெளியும் பண்ணைகளுமே அவர்களுடைய செல்வம். குளிர்காலம் வந்தால் வேலை நின்றுவிடும். மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும். வீட்டுக்குள் அடைந்து கிடப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பனியைக் கண்டாலே மக்களுக்கு வெறுப்பு.

அந்த வெறுப்பை விருப்பமாக மாற்றியவர் ஒரு கொத்தனார்!

கொத்தனார் காட்டிய வித்தை

அவர் பெயர் கார்ல் ஹவல்சன். நார்வே நாட்டுக்காரர். நார்வேயில் குழந்தைகள் நடக்கப் பழகியதுமே சறுக்கப் பழகிவிடுவார்கள். இரண்டு கால்களிலும் நீளமான பலகைகளை மாட்டிக்கொண்டு பனியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதுதான் பனிச்சறுக்கு. உயரமான மேட்டிலிருந்து வேகமாகச் சறுக்கி வந்து, விளிம்பில் துள்ளி, அந்தரத்தில் பறந்து, வெகுதூரம் தள்ளி இறங்குவதற்குச் சறுக்குத் தாண்டல் என்று பெயர். இவை இரண்டிலும் ஹவல்சன் கைதேர்ந்தவர். நார்வேயின் புகழ்பெற்ற ஹோல்மன்கோலன் போட்டியில் வென்றவர்.

1905-ம் ஆண்டில் அவர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கு வந்தார். 1907-ம் ஆண்டில் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ் கம்பெனியில் சேர்ந்தார். கூடாரத்துக்குள் பனி ஏது? உயரமான சறுக்கு மேடை கட்டினார்கள். அதிலிருந்து சறுக்கி வந்து ஆகாயத்தில் பறந்தார் ஹவல்சன். "பறக்கும் நார்வேக்காரர்" என்று விளம்பரம் செய்தார்கள். கூட்டம் அலைமோதியது. ஆனால் முதுகில் அடிபட்டது. சர்க்கஸை விட்டார்.

பிறகு கொலராடோவுக்கு வந்து கொத்து வேலை செய்தார். 1911-ம் ஆண்டின் கடைசியில் ஹாட் சல்பர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பனி விழா ஒன்று நடந்தது. அங்கே அவர் தாண்டிக் காட்டியதைப் பார்த்து ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். 1913-ம் ஆண்டில் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸுக்குக் குடிவந்தார். ஊர்க் குழந்தைகளுக்குச் சறுக்கச் சொல்லிக் கொடுத்தார். 1914-ம் ஆண்டு பிப்ரவரியில் முதல் குளிர்கால விழா நடந்தது. அடுத்த ஆண்டில், ஊரை ஒட்டிய குன்று ஒன்றில் தாண்டு மேடை அமைத்தார்கள்.

ஹவல்சன் 1922-ம் ஆண்டில் நார்வேக்குத் திரும்பிப் போய்விட்டார். ஆனால் அந்தக் குன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஹவல்சன் குன்று என்றால் கொலராடோவில் எல்லோருக்கும் தெரியும். அந்த மாநிலத்தின் மிகப் பழைய பனிச்சறுக்கு மைதானம் அதுதான்.

வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊரை ஒரு மனிதர் வெளியே கொண்டு வந்தார். அவர் விட்டுச் சென்ற விழாவை ஊர் விடவில்லை.

குதிரை இழுக்கும் குழந்தைகள்

விழா ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்தில் நடக்கும். சில நாட்கள் நீடிக்கும். முக்கிய வேடிக்கை, பெரிய ரோட்டில் நடக்கும் போட்டிகள். அந்த ரோட்டின் பெயர் லிங்கன் அவென்யூ. தூரத்து ஊர்களுக்கெல்லாம் போகும் நெடுஞ்சாலையும் அதுவே. விழாவுக்காக அதை மூடிவிடுவார்கள். வண்டிகள் சுற்றிப் போகவேண்டும்.

பண்ணைக்காரர்கள் தங்கள் குதிரைகளைக் கொண்டு வருவார்கள். குதிரையின் சேணத்தில் நீளமான கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனையை ஒரு பையனோ சிறுமியோ பிடித்துக்கொள்ளும். கால்களில் சறுக்குப் பலகைகள். "கிளம்பு!" என்றதும் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும். பின்னால் குழந்தை பனியின்மேல் பறக்கும்! குதிரைக் குளம்பு வாரி இறைக்கும் பனி முகத்தில் அடிக்கும். கயிற்றை விட்டால் தோல்வி.

வேறு போட்டிகளும் உண்டு. ஒன்றில், குதிரை இழுத்துக்கொண்டு ஓடும்போதே, தொங்கும் வளையங்களை ஈட்டியால் குத்தி எடுக்கவேண்டும். இன்னொன்றில், வழியில் பனி மேடு இருக்கும். அதில் ஏறித் தாண்டவேண்டும். பெரியவர்களுக்கென்று ஒரு போட்டி உண்டு. பனி அள்ளும் அகலமான மண்வாரியின்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். குதிரை இழுக்கும். உருளாமல் போய்ச் சேர்ந்தவர் கெட்டிக்காரர். பலர் வழியிலேயே உருண்டு விடுவார்கள். ஜனங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

சிறு குழந்தைகளுக்குச் சறுக்குப் பந்தயம். உயர்நிலைப் பள்ளிக்கூடத்துப் பாண்டு வாத்தியக் கோஷ்டிக்கும் தனிப் பெருமை. அவர்கள் நடந்து வரமாட்டார்கள். கால்களில் பலகைகளை மாட்டிக்கொண்டு, சறுக்கியபடியே வாத்தியம் வாசித்து ஊர்வலம் வருவார்கள்! இந்த வழக்கம் 1935-ம் ஆண்டில் தொடங்கியது.

இந்தப் போட்டிகளில் ஒன்றைக் கவனியுங்கள். குதிரை, பண்ணைக்காரருடையது. பலகையில் நிற்பது, பள்ளிக்கூடக் குழந்தை. இருவரும் அதே ஊரார். வெளியூர்க்காரர் வேடிக்கை பார்க்கலாம். விழாவை அவர் நடத்த முடியாது. இது பின்னால் வரப்போகும் கேள்விக்கு முக்கியம்.

மனிதரே மத்தாப்பு!

சனிக்கிழமை இரவு ஹவல்சன் குன்றின் அடிவாரத்தில் ஊரே கூடும். இருட்டில், மலை உச்சியிலிருந்து ஓர் ஒளி இறங்கி வரும். அருகே வந்தால்தான் தெரியும், அது ஒரு மனிதர் என்று!

உடம்பெல்லாம் மின் விளக்குகள். முதுகில் வாணங்கள். வழியெல்லாம் வாணங்கள் சீறிப் பாய, அவர் சறுக்கி இறங்குவார். "ஒளி மனிதர்" என்று அவருக்குப் பெயர். 1936-ம் ஆண்டில் கிளாடியஸ் பேங்க்ஸ் என்பவர் இதைத் தொடங்கினார். அவருக்குப் பிறகு அவருடைய மகன் ஜான் பேங்க்ஸ் அந்த வேடத்தை ஏற்றார். தகப்பன் சுமந்த ஒளியை மகன் சுமந்தான். அந்த உடையின் எடை சுமார் 30 கிலோ. அதைச் சுமந்துகொண்டு பனிமலையில் சறுக்குவது லேசான காரியமா?

அதன்பின் தாண்டல் வீரர்கள் எரியும் நெருப்பு வளையத்துக்குள் பாய்வார்கள். பிறகு வாணவேடிக்கை.

2020-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந்தேதி அந்த வாணவேடிக்கை உலகச் சாதனை ஆகிவிட்டது. ஒரே ஒரு வாணம். அதன் எடை 2,797 பவுண்டு. அதாவது சுமார் 1,269 கிலோ. ஒரு சிறு காரின் எடை! அதற்கு முந்தைய ஆண்டில் இதேபோன்ற முயற்சி தோற்றது. வாணம் மேலே போகாமல் குழாய்க்குள்ளேயே வெடித்துவிட்டது. ஊரார் விடவில்லை. மறுபடி செய்தார்கள். இரண்டாம் முறை அது மேலே போய் வெடித்தது. வானம் முழுவதும் சிவந்தது. "உலகத்தில் இதுவரை வானில் வெடித்த வாணங்களில் மிகப் பெரியது" என்று கின்னஸ் புத்தகக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

விழாவின் லாபம் யாருக்கு?

விழாவை நடத்துவது ஊரின் குளிர்கால விளையாட்டுச் சங்கம். அதுவும் விழாவைப்போல நூறு வயது தாண்டியது. விழாவில் சேரும் பணம் சங்கத்துக்குப் போகும். சங்கம் அதைக் கொண்டு குழந்தைகளுக்குப் பனிச்சறுக்குப் பயிற்சி தருகிறது.

இந்தப் பயிற்சியின் பலன் என்ன? சுமார் 100 ஒலிம்பிக் வீரர்கள்! 13 ஆயிரம் பேர் வாழும் ஊர். இவ்வளவு குளிர்கால ஒலிம்பிக் வீரர்களை அனுப்பிய ஊர் வட அமெரிக்காவிலேயே வேறு இல்லை என்பது அவர்களுடைய பெருமை. 2010-ம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக்கில் ஜானி ஸ்பில்லேன் என்பவர் மூன்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவரும் இந்த ஊர்ப் பிள்ளைதான்.

இரண்டு மலைகள்

இந்த ஊரில் சறுக்குவதற்கு இரண்டு மலைகள் உண்டு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் மற்ற விஷயம் புரியும்.

ஒன்று, ஹவல்சன் குன்று. சிறியது. நகரசபைக்குச் சொந்தமானது. பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தைகள் நேரே அங்கே போவார்கள். 2020-ம் ஆண்டில் தொடங்கிய குளிர்காலத்தில், ஞாயிற்றுக்கிழமை சறுக்குவோருக்குக் கட்டணம் இல்லை என்று நகரசபை அறிவித்தது.

மற்றொன்று, வெர்னர் மலை. உச்சி 10,500 அடிக்கு மேல். 1963-ம் ஆண்டில் அங்கே பெரிய சறுக்கு மைதானம் திறந்தார்கள். மலையின் பெயரிலே ஒரு சோகம் இருக்கிறது. பட்டி வெர்னர் என்ற ஊர்ப் பையன் உலகப் புகழ் பெற்ற சறுக்கு வீரன் ஆனான். 1964-ம் ஆண்டு ஏப்ரலில் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் சிக்கி இறந்தான். அப்போது அவனுக்கு வயது 28. ஊரார் மலைக்கு அவன் பெயரை வைத்தார்கள்.

இன்று அந்தப் பெரிய மைதானம் ஆல்டெரா என்ற பெரிய கம்பெனியின் கையில் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்குப் பல ஊர்களில் இப்படி மலைகள் உண்டு. கூட்டம் மிகுந்த நாட்களில், அங்கே ஒரு நாள் சறுக்குவதற்கான டிக்கெட் 200 டாலருக்கு மேல்!

கம்பெனியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அந்தப் பெரிய மலைதான் ஊருக்குச் சோறு போடுகிறது. ஓட்டல், கடை, வண்டி எல்லாவற்றுக்கும் ஆள் வருவது அதனால்தான். ஆனால் அந்தப் பணத்தோடு ஒரு தொல்லையும் வந்தது.

வீடு எங்கே?

அழகான ஊர். பணக்காரர்கள் வந்து பார்த்தார்கள். "இங்கே ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன?" என்று நினைத்தார்கள். வாங்கினார்கள். ஆண்டில் சில வாரம் தங்குவார்கள். மற்ற நாட்களில் வீடு பூட்டிக் கிடக்கும். சிலர் அந்த வீட்டை நாள் வாடகைக்கு விட்டார்கள். மாத வாடகைக்கு விடுவதைவிட நாள் வாடகையில் லாபம் அதிகம்.

2020-ம் ஆண்டில் கொரோனா வந்தது. "ஆபீசுக்கு வரவேண்டாம், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம்" என்றார்கள். நகரங்களில் இருந்த வசதிக்காரர்கள் மலை ஊர்களைத் தேடி வந்தார்கள். வீட்டு விலை ஏறியது. இப்போது அங்கே ஒரு தனி வீடு வாங்கச் சாதாரணமாக 10 லட்சம் டாலருக்குமேல் வேண்டும்.

பள்ளிக்கூட ஆசிரியர் என்ன செய்வார்? நர்ஸ் என்ன செய்வார்? ஓட்டலில் பாத்திரம் கழுவுபவரும், ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவரும் எங்கே குடியிருப்பார்கள்? பலர் வெளியூருக்குப் போய்விட்டார்கள். ஹேடன் என்ற ஊர் சுமார் 40 கிலோமீட்டர். கிரேக் என்ற ஊர் சுமார் 70 கிலோமீட்டர். அங்கிருந்து பனிக்கட்டி உறைந்த ரோட்டில் தினம் வண்டியோட்டி வேலைக்கு வருகிறார்கள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. 2022-ம் ஆண்டில் ஊரின் பல பகுதிகளில் புதிதாக நாள் வாடகை வீடுகள் ஏற்படத் தடை போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஓட்டெடுப்பு நடத்தி, நாள் வாடகைக்கு 9 சதவிகித வரி விதித்தார்கள். அந்தப் பணம், எளியவர்களுக்கு வீடு கட்ட.

வேண்டாம் என்று சொன்ன ஊர்

2021-ம் ஆண்டில் ஓர் அதிசயம் நடந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், 2 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தார்! அந்தப் பணத்தில் ஊருக்கு மேற்கே பிரவுன் பண்ணை என்ற 530 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, அந்த வட்டாரத்து வீட்டு வசதி அமைப்பு வாங்கியது. அங்கே 2,000-க்கு மேற்பட்ட வீடுகள் கட்டலாம். எல்லாம் வேலை செய்யும் குடும்பங்களுக்கு. இருபது ஆண்டுத் திட்டம் போட்டார்கள்.

நிலத்தை ஊரோடு சேர்த்தால்தான் குடிதண்ணீரும் சாக்கடை வசதியும் கிடைக்கும். சேர்க்கலாமா என்று 2024-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் மக்களிடம் கேட்டார்கள்.

மக்கள் "வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டார்கள்!

ஏன்? ஊரில் குடியிருப்பவர்களுக்கு ஈவிரக்கம் இல்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அவர்களுடைய கேள்விகளும் நியாயமானவைதான். ரோடு போடவும் குழாய் போடவும் ஆகும் பெரும் பணத்தை யார் கொடுப்பது? ஒரே நெடுஞ்சாலை இத்தனை வண்டிகளைத் தாங்குமா? ஊர் இவ்வளவு பெரிதாகிவிட்டால் அது பழைய ஊராக இருக்குமா?

எதிர்ப்பக்கத்திலும் கேள்வி இருக்கிறது. வீடு கட்டாமல் விட்டால் மட்டும் ஊர் பழைய ஊராக இருந்துவிடுமா? ஆசிரியர் போனால் பள்ளிக்கூடம் சுருங்கும். பள்ளிக்கூடம் சுருங்கினால் பாண்டு கோஷ்டியில் யார் வாசிப்பார்கள்? பண்ணை நிலங்களை விலை பேசி விற்றுவிட்டால் குதிரைகள் எங்கிருந்து வரும்? குதிரையும் குழந்தையும் இல்லாமல் லிங்கன் அவென்யூவில் பனியைக் கொட்டி என்ன பயன்?

முன்பு சொன்னது இதுதான். இந்த விழாவை விலைக்கு வாங்க முடியாது. ஊரார் இருந்தால்தான் விழா.

பனியும் குறைந்தால்?

இரண்டாவது கவலை, பனி.

பூமி சூடாகி வருகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் வெளிவிடும் புகைதான் முக்கியக் காரணம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். சராசரி வெப்பம் கொஞ்சம் ஏறினாலே பனிக்குப் பெரிய ஆபத்து. ஏன்? பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருந்தால் பனி. மேலே இருந்தால் மழை. எல்லைக்கோடு மெல்லியது. ஓர் இரண்டு டிகிரி மாறினால் போதும். பனியாக விழவேண்டியது மழையாக விழும். விழுந்த பனியும் சீக்கிரம் உருகும்.

"எந்திரம் வைத்துப் பனி செய்யலாமே?" என்று கேட்கலாம். செய்கிறார்கள். தண்ணீரை அழுத்தமான காற்றோடு சேர்த்து, நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சுவார்கள். குளிரில் அந்தத் துளிகள் உறைந்து பனியாக விழும். 2022-ம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் பெரும்பாலும் இப்படிப்பட்ட எந்திரப் பனியில்தான் நடந்தது.

ஆனால் இதிலே ஒரு சிக்கல். எந்திரம் துளியைப் பீய்ச்சும். குளிரைக் கொண்டு வராது! வெளியே உறையும் குளிர் இருந்தால்தான் துளி பனியாகும். இரவே வெதுவெதுப்பாக இருந்தால் எந்திரமும் சும்மா நிற்கவேண்டியதுதான். மின்சாரமும் தண்ணீரும் ஏராளமாக வேண்டும். பெரிய கம்பெனி செலவு செய்யும். நகரசபைக் குன்று எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

2022-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, முன்பு குளிர்கால ஒலிம்பிக் நடந்த 21 இடங்களை எடுத்துப் பார்த்தது. புகை இப்போதுபோலவே தொடர்ந்தால், இந்த நூற்றாண்டின் கடைசியில் அவற்றில் ஒன்றே ஒன்றுதான் நம்பிக்கையாகப் போட்டி நடத்தும் நிலையில் இருக்குமாம். அது ஜப்பானின் சப்போரோ. 1950-ம் ஆண்டில் பள்ளி மாணவர்கள் ஆறு பனிச்சிலைகள் செய்து தொடங்கிய புகழ்பெற்ற பனி விழா நடப்பதும் அந்த ஊரில்தான்.

பனி என்றால் தண்ணீர்

"விளையாட்டுத்தானே? பனி இல்லாவிட்டால் வேறு விளையாட்டு விளையாடட்டும்!" என்று சொல்லலாமா? அப்படித் தள்ளிவிட முடியாது.

மலையில் குவிந்து கிடக்கும் பனிதான் அந்த நாட்டின் ஏரி. குளிர்காலத்தில் சேரும். வசந்தத்தில் மெதுவாக உருகும். யாம்பா ஆற்றில் ஓடும். யாம்பா, கிரீன் ஆற்றில் சேரும். கிரீன், கொலராடோ ஆற்றில் சேரும். கொலராடோ ஆற்றை நம்பி சுமார் 4 கோடி மக்கள் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ், லாஸ் வேகாஸ், பீனிக்ஸ் போன்ற பெரிய நகரங்கள் அதன் தண்ணீரைக் குடிக்கின்றன. 2000-ம் ஆண்டுக்குப் பிறகு அந்த ஆற்றில் வரும் தண்ணீர், போன நூற்றாண்டின் சராசரியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மழை பனி குறைந்தது ஒரு காரணம். வெப்பம் ஏறியது மற்றொரு காரணம்.

யாம்பா ஆற்றில் 2018-ம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். கொலராடோவில் ஒரு சட்டம் உண்டு. ஆற்றில் முதலில் தண்ணீர் எடுத்தவருக்கு முதல் உரிமை. பின்னால் வந்தவருக்குப் பின் உரிமை. தண்ணீர் குறைந்தால், பின்னால் வந்தவர் தமது மதகை மூடிவிட வேண்டும். யாம்பாவில் எப்போதும் தண்ணீர் தாராளம். ஆகவே இந்தச் சட்டத்தைச் செலுத்தும் அவசியம் வந்ததில்லை. 2018-ம் ஆண்டு செப்டம்பரில் முதல் தடவையாக வந்தது! பழைய உரிமைக்காரர்கள் தங்கள் பங்கு வரவில்லை என்று முறையிட்டார்கள். மற்றவர்கள் மதகை மூடவேண்டியதாயிற்று.

தண்ணீர் இல்லாவிட்டால் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் மாடும் குதிரையும் இல்லை. பிப்ரவரியில் பனி குறைந்தால், ஆகஸ்டில் பண்ணை காயும். பண்ணை காய்ந்தால், நிலத்தை விற்றுவிட்டுப் போகலாமா என்ற எண்ணம் வரும். வாங்க ஆள் தயாராக இருக்கிறார். அங்கே இன்னொரு பூட்டிய வீடு எழும். இரண்டு கவலைகளும் இப்படி ஒன்றில் ஒன்று போய்ச் சேர்கின்றன.

இனி என்ன?

இந்த ஊர் அழிந்துவிடும் என்று சொல்வதற்கு இல்லை. 6,700 அடி உயரத்தில் இருக்கிறது. கீழே உள்ள பல ஊர்களைவிட அங்கே குளிர் அதிக நாள் நிற்கும். பனியை லாரியில் கொண்டு வந்து கொட்டி விழா நடத்தத் தெரிந்தவர்கள், குறைந்த பனியிலும் ஏதாவது வழி கண்டுபிடிப்பார்கள். முதல் வாணம் குழாய்க்குள் வெடித்தபோதும் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை.

ஆனால் இரண்டு கவலைகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதை மறக்கக்கூடாது.

பனி, அந்த ஊரின் கையில் மட்டும் இல்லை. உலகம் முழுவதும் புகையைக் குறைத்தால்தான் அதற்கு வழி. 13 ஆயிரம் பேர் தனியாகச் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

வீடு அப்படி அல்ல. நிலம் இருக்கிறது. வரிப் பணம் வருகிறது. 2024-ம் ஆண்டு ஓட்டெடுப்புக்குப் பின்னும் நிலம் வீட்டு வசதி அமைப்பின் கையிலேயே இருந்தது. திட்டம் மிகப் பெரிது என்றால் சிறியதாகத் தொடங்கலாம். ரோட்டுக்கு யார் பணம் கொடுப்பது என்பதை முதலிலே பேசி முடிக்கலாம். ஓர் ஓட்டில் தோற்றது, அடுத்த ஓட்டில் திருத்தப்பட்டு வெல்லலாம். இது அந்த மக்கள் தாங்களே தீர்க்கக்கூடிய விஷயம்.

அந்த ஊருக்கு ஏற்கனவே ஒரு நல்ல பாடம் கையில் இருக்கிறது. பெரிய மலையைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆனால் சிறிய குன்றை ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. அது நகரசபையிடமே இருக்கிறது. ஏழைக் குழந்தையும் ஞாயிற்றுக்கிழமையில் காசில்லாமல் சறுக்க வழி பிறந்தது அதனால்தான். சுமார் 100 ஒலிம்பிக் வீரர்கள் வந்ததிலும் அந்தச் சிறிய குன்றுக்குப் பெரும் பங்கு உண்டு. குன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஊர், கொஞ்சம் குடியிருப்பையும் பொதுவில் வைத்துக்கொள்ள முடியாதா?

ஹவல்சன் வந்தபோது அவர் ஒரு கூலிக் கொத்தனார். கையில் பணம் இல்லை. ஆனாலும் அந்த ஊரில் அவருக்குத் தங்க இடம் கிடைத்தது. அதனால்தான் விழா பிறந்தது. இன்றைக்கு அப்படி ஒரு கொத்தனார் வந்தால், ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் அவருக்கு ஒரு வீடு கிடைக்குமா? அந்த ஊரார் பதில் சொல்லவேண்டிய கேள்வி இதுதான்.